காவித் தரையா, ஆத்தங்குடிக் கல்லா, விட்ரிஃபைட் டைல்ஸா?

காரைக்குடியில் செக்காலை, சுப்பிரமணியபுரம் பக்கம் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டின வீடுகள் நிறைய இருக்கின்றன. வளவும் இரண்டாம் கட்டும் வைத்த பெரிய வீடுகளைச் சொல்லவில்லை. ஒரு ஹால், ரெண்டு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் "தரையை மாத்திடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே ஆத்தங்குடிக் கல்லா (பக்கத்து ஆத்தங்குடி ஊரில் கையால் வார்க்கிற வண்ணச் சிமெண்டுக் கல்), விட்ரிஃபைட் டைல்ஸா (சூளையில் சுட்ட, நீர் அவ்வளவாக உறிஞ்சாத டைல்ஸ்) என்று வீடு ரெண்டு கட்சியாகிவிடும். ஏற்கெனவே காலடியில் கிடக்கிற சிவப்புக் காவித் தரையை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என் ஓட்டு முதலில் அதற்குத்தான்.

காவித் தரை என்பது ஜல்லித் தளத்தின் மேல் சிமெண்டையும் ரெட் ஆக்சைடு பொடியையும் கலந்து போட்டு, ஈரம் காய்வதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெழுகியது. இடுக்கே கிடையாது, கோலமாவோ சோற்றுப் பருக்கையோ போய் ஒட்டிக்கொள்ள வழியில்லை. வெயில் காலத்தில் வெறுந்தரையில் படுத்துப் பாருங்கள், வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. குறை என்றால் விரிசல்தான். ஒட்டுப் போட்டால் புது நிறம் பழைய நிறத்தோடு சேரவே சேராது. புதிதாக இழுக்கலாம் என்றால் கை பழகின கொத்தனாரைத் தேட வேண்டும்.

ஆகவே உடைப்பதற்கு முன் ஒரு காசை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் நல்லது. பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தில் மேல்பூச்சு தளத்தை விட்டுவிட்டது. மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருந்தால் அடித்தளமே இறங்குகிறது என்று அர்த்தம். மேலே எந்தக் கல்லைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து விரியும். அப்புறம் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் ரெண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த வீட்டில் தரையைப் பேசுவதற்கு முன் ஈரத்தைத்தான் பேச வேண்டும்.

இந்த ரெண்டிலும் தேறினால் காவித் தரையை விட்டுவிடுங்கள். நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகு தேங்காயெண்ணெயை மெல்லிசாகத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

தேறவில்லையா? அப்போதுதான் மற்ற ரெண்டுக்கும் போட்டி. அதை முதலில் தீர்மானிப்பது அழகு இல்லை, உயரம். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலத்துக்குக் கிட்ட கனம். அடியில் கலவை ஒன்றரை அங்குலமாவது வேண்டும். பழைய தரையின் மேலேயே போட்டால் நிலையின் அடிப்படி பாதி மூழ்கிவிடும், கதவையும் அறுக்க வேண்டும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற வாசப்படி தரையோடு தரையாவதை எந்த அப்பத்தாவும் ஒத்துக்கொள்ள மாட்டார். எனவே பழையதைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். விட்ரிஃபைட் என்றால் பசை போட்டு ஒட்டினால் அரை அங்குலத்தில் முடிந்துவிடும்; கதவில் கொஞ்சம் இழைத்தால் சரி. ஆனால் பொள்ளலான தரையின் மேல் ஒட்டக்கூடாது. சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடுகிறவர்கள் உடைக்கிற கூலி, ரப்பீஸ் அள்ளுகிற வண்டி, தச்சர் கூலி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வைப்பதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே உலர்ந்த கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுப் பதப்படுத்துகிறார்கள். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்கு முகத்தைக் கொடுக்கிறது. அதனால் பதித்த பிறகு மெஷின் பாலிஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. இடுக்கில் ஊற்றுகிற சிமெண்டுப் பால் மேலே சிந்தினால் அப்போதே துடைக்க வேண்டும். மற்ற டைல்ஸுக்குப் பழகின கொத்தனார் "நாளைக்கு ஆசிட் போட்டுக் கழுவிக்கலாம் அண்ணே" என்று சொன்னால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எட்டு அங்குலக் கல் 270 வேண்டும், பத்து அங்குலக் கல் என்றால் 173. சேதாரத்துக்கும் பின்னாளுக்கும் சேர்த்துப் பத்து சதவீதமாவது கூட வாங்குங்கள். கையால் ஊற்றுவது என்பதால் அடுத்த தடவை அதே பச்சை கிடைக்காது.

விட்ரிஃபைட் வழுவழுப்பு, வேகம், சுலபம். கறை ஏறாது. ஆனால் பாலிஷ் போட்டதில் தண்ணீர் பட்டால் பெரியவர்களுக்கு ஆபத்து. ஈரம் ஏறுகிற வீட்டில் அது மூச்சு விடாது. ஈரம் சுவரோரம் ஒதுங்கி அங்கே பூச்சை உதிர்க்கும். ஆத்தங்குடிக் கல் மூச்சு விடும், ஆனால் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். ரெண்டுக்குமே, பெயர்க்கும்போதே பாலிதீன் தாள் விரித்துப் புதுக் கான்கிரீட் தளம் போட்டுக்கொள்வதுதான் மருந்து.

ஹாலுக்கும் அறைகளுக்கும் ஆத்தங்குடியே என் தேர்வு. அடுப்படிக்கு வேண்டாம், புளிக்கரைசலும் எலுமிச்சையும் சிந்தினால் சிமெண்டு முகத்தை அரித்துவிடும், மஞ்சள் இறங்கினால் போகாது. அங்கே சொரசொரப்பான விட்ரிஃபைட் போடுங்கள். கிரானைட்டும் போடலாம், பளபளப்பு இல்லாததாகப் பார்த்து.

கடைகளில் 'ஆத்தங்குடி டிசைன்' என்று அச்சடித்த செராமிக் டைல்ஸும் கிடைக்கிறது. கல்லைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். நிஜக் கல்லில் வண்ணம் தனி அடுக்காகக் கண்ணுக்குத் தெரியும், கீழே சாம்பல் நிறச் சிமெண்டு. அச்சடித்ததில் வண்ணம் மேல்தோலோடு சரி.