தனிப்பாடமா, துறைக்குள்ளேயா?

கணினியை வைத்துச் சிக்கல்களைத் தீர்க்கும் திறனை எல்லாத் துறை மாணவர்களுக்கும் கற்றுத்தர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதலாண்டில் அனைவருக்கும் பொதுவான நிரலாக்கப் பாடம். மற்றது, அவரவர் துறைப் பாடத்துக்குள்ளேயே சேர்ப்பது.

பொதுப்பாடத்தை நடத்துவது சுலபம். ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் பேசிக் என்ற எளிய நிரல்மொழியை உருவாக்கியதே, அறிவியல் படிக்காதவர்களும் கணினியைப் பயன்படுத்தட்டும் என்றுதான். ஆனால் பகா எண்களைக் கண்டுபிடிக்கும் பயிற்சி வரலாற்று மாணவிக்கு எதற்கு? தேர்வு முடிந்ததும் மறந்துவிடும்.

அந்த வரலாற்று மாணவியிடமே பழைய மக்கள்தொகைப் பதிவேடு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஊரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். எவற்றை ஒன்றாகக் கொள்வது? எந்த விதிப்படி? ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே சிக்கலைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். உயிரியல் மாணவருக்கு டிஎன்ஏ வரிசையில் ஒரு துண்டைத் தேடுவதும் அப்படித்தான்.

சிரமம் ஆசிரியர் பக்கம்தான். துறையும் நிரலாக்கமும் சேர்ந்து தெரிந்தவர் எளிதில் கிடைக்கமாட்டார். சரி, அப்படியும் என் ஓட்டு இரண்டாவதுக்கே. சில வாரம் பொது அறிமுகம் தந்துவிட்டு, அப்புறம் துறைக்குள் இறக்கிவிடலாம்.