மீட்டர் 12.7 காட்டியது, பம்ப் ஓடவில்லை: கேம்பர் வேனில் ஆறு ஆண்டுகள்

வீடுபோல் தங்கிப் பயணிக்கும் எங்கள் கேம்பர் வேனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இன்வெர்ட்டர் முதல் நாள் பொருத்தியதுதான் இன்றும் இருக்கிறது. சோலார் கன்ட்ரோலரும் அப்படியே. குளிர்பெட்டியின் கம்ப்ரசர் ஒரு நாளும் படுத்ததில்லை. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நடுவழியில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு திருகு, ஒரு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), ஒரு ஃபியூஸ் ஹோல்டர். ஓடும் வண்டி என்பது நாள் முழுக்கக் குலுக்கப்படும் வீடு; சுவருக்குள் அசையாமல் கிடக்கும் வயருக்கு நேராததெல்லாம் இங்கே நேரும். வாங்கும்போது பெட்டிகளின் தரத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன். இணைப்புகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதல் ஆண்டின் கடைசியில் ஒரு நாள் காலை குழாயைத் திறந்தோம். சொட்டுத் தண்ணீர் இல்லை. பம்ப்பின் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 12.7 வோல்ட். பேட்டரி நிறைந்திருக்கிறது, வயரும் சரி, ஆகவே பம்ப்தான் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதினேன். இரண்டு நாள் வாளியில் மொண்டு சமாளித்து, புதுப் பம்ப் வாங்கிப் பொருத்தினால் அதுவும் ஓடவில்லை. "மீட்டர் இருக்கிறது என்கிறது, குழாய் இல்லை என்கிறது. நாம் யாரை நம்புவது?" என்று மனைவி கேட்டார். நான் மீட்டரை நம்பினேன். இன்னும் அரை நாள் வீணாயிற்று.

வோல்ட் அளக்கும்போது மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதன் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும், பச்சை பூத்த டெர்மினலும் அந்த அற்ப ஓட்டத்தைத் தாராளமாகக் கடத்திவிடும். பம்ப் கேட்பதோ பல ஆம்பியர். அது இழுக்கும்போதுதான் இணைப்பின் யோக்கியதை வெளியே வரும். வயரை மறுபடி மாட்டி, சுவிட்சைப் போட்ட நிலையிலேயே அளந்தேன்: 3 வோல்ட்.

மீதி எங்கே போயிற்று? நீண்ட வயர் ஒன்றின் உதவியால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பம்ப்பின் நெகட்டிவிலும் வைத்தேன். ஒரே கோட்டின் இரு முனைகள். பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 9 காட்டியது. பாசிட்டிவ் பக்கம் நிரபராதி. வண்டியின் உலோகச் சட்டமான சாசியில் எர்த் வயரை முடுக்கியிருந்த திருகைத் தேடிப் பிடித்துத் தொட்டால் கை சுட்டது. பெயின்டைச் சுரண்டாமலே அதன்மேல் லக்கை வைத்து முடுக்கியிருந்தார்கள். அத்தனை நாளும் மின்சாரம் திருகின் மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. துரு ஏறியதும் அந்த வழியும் அடைத்துக்கொண்டது. உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பிறகு பழைய பம்ப்பையே மாட்டினேன். ஓடியது. புதியது இன்னும் இருக்கைக்கு அடியில் பெட்டியோடு கிடக்கிறது.

அன்றிலிருந்து முதலில் கையில் எடுப்பது மல்டிமீட்டரை அல்ல. வண்டியின் இன்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று, ஒரு ஹோல்டர், இரண்டு முதலை கிளிப். அது 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். மங்கினால் எங்கோ அடைப்பு. இதைவிட நேர்மையான கருவி என்னிடம் இல்லை. ஏர்பேக் வயர்கள் பக்கமும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய வயர்கள் பக்கமும் மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது. அவை இவ்வளவு ஓட்டத்தைத் தாங்குபவை அல்ல.

குளிர்பெட்டி இரண்டாம் ஆண்டில் படுத்திய பாடு வேறு. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இரவு இரண்டு மணிக்கு மேல் ஓடத் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த சிறு விளக்கு ஒரு முறை மின்னி, இடைவெளி விட்டு மறுபடி ஒரு முறை மின்னியது. வோல்ட் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். பேட்டரியில் அளந்தால் 12 வோல்ட் இருந்தது. வயரைப் பார்த்தபோதுதான் புரிந்தது: பேட்டரியிலிருந்து பெட்டிக்கு ஆறு மீட்டர், போக வரப் பன்னிரண்டு மீட்டர், அத்தனையும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. அதன் தடை ஏறக்குறைய 0.14 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் இன்னும் அதிகம். 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நின்றவுடன் ஓட்டம் இல்லை, இழப்பும் இல்லை, வோல்ட் மறுபடி ஏறுகிறது. 11.7 தாண்டியதும் பெட்டி ஏமாந்து மறுபடி கிளம்புகிறது. 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தேன், இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது.

பேட்டரி காரணமில்லாமல் காலியாகிறது என்ற புகாருக்கு வயரைச் சுற்றிக் கவ்வியே ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றே போதும், ஆனால் அது டிசியை, அதாவது பேட்டரி தரும் மின்சாரத்தை, அளப்பதாக இருக்க வேண்டும். வாங்குபவர்கள் கவனிக்கவும்: பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி, அதாவது வீட்டு மின்சாரத்தின், ஓட்டத்தை மட்டுமே அளக்கும், முதலில் நானும் அதில்தான் ஏமாந்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரைப் பூஜ்யமாக்கி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினேன். 1.2 ஆம்பியர். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 29 ஆம்பியர் மணி நேரம், யாருக்கும் பயனில்லாமல். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்ததில், எதுவும் மாட்டாமல் 'ஆன்' நிலையில் விட்டிருந்த இன்வெர்ட்டர் மட்டும் 0.9 தின்றுகொண்டிருந்தது.

அதே இன்வெர்ட்டரின் நெகட்டிவ் லக் ஒரு முறை தளர்ந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அங்கே வெறும் 0.4 வோல்ட் இழப்புதான். ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அது 20 வாட் சூடு, கட்டை விரல் அளவு இடத்தில். மெயின் ஃபியூஸ் போகவே இல்லை, போகவும் போகாது. ஓட்டம் அளவுக்குள் இருக்கும்வரை, இணைப்பு பழுக்கக் காய்ந்தாலும் ஃபியூஸுக்கு அது தெரியாது. இப்போது மாதம் ஒரு முறை, பாசிட்டிவைக் கழற்றிவிட்டு, எல்லா லக்கையும் ஸ்பேனரால் ஒரு சுற்றுச் சோதிக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் லித்தியம் பேட்டரிக்கு மாறினோம். மாறியதில் வருத்தமில்லை, ஆனால் பழைய கணக்கெல்லாம் செல்லாமல் போயிற்று. ஈய அமில பேட்டரியில் ஓய்வு நிலையில் 12.7 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெரும்பகுதி நேரமும் 13.2 பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. ஷன்ட், அதாவது பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணும் சிறு அளவுத் தடை, வைத்த மானிட்டர் அவசியம். எல்லா நெகட்டிவ் வயரும் ஷன்ட்டின் மறுபக்கத்தில் சேர வேண்டும். என் வண்டியில் ஒரு வயர் நேராகப் பேட்டரிக்குப் போயிருந்தது, அது இழுத்தது கணக்கில் வரவில்லை. மானிட்டர் 70 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாலையில் பேட்டரி காலியாகித் தன்னைத் துண்டித்துக்கொண்டது. உறைபனிக் காலை ஒன்றில் வெயில் சுள்ளென்று அடித்தும் சார்ஜ் ஏறவில்லை. இரண்டு மணி நேரம் பேனலின் இணைப்புகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜை மறுப்பது அதன் கடமை. ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடேற்றியதும் தானாக ஏறியது.

முகாமின் ஏசி இணைப்பில் அடிக்கடி ட்ரிப் ஆனது தண்ணீர் ஹீட்டரால். சுவிட்ச் அணைந்திருந்தும் ஆர்.சி.டி. (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்ததால் ஹீட்டரை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒற்றைமுனை சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டால் அணைத்த பின்னும் கசியும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எலக்ட்ரீஷியன் ஒருவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். 12 வோல்ட் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நோண்டுவேன், ஏசி பக்கம் மூடியைக்கூடத் திறப்பதில்லை.

கருவிகளில், மலிவான மல்டிமீட்டர் ஆறு ஆண்டும் தாங்கியது. அதன் உள் ஃபியூஸை இரண்டு முறை எரித்தவன் நான்தான்: ஆம்பியர் துளையிலேயே வயரை விட்டுவிட்டுப் பேட்டரியைத் தொட்டேன். இன்ஃப்ராரெட் வெப்பமானி பளபளக்கும் லக்கில் பொய் சொல்லும். கறுப்பு டேப் ஒட்டி அளந்தால் சரியாகக் காட்டும். எல்லாவற்றையும்விட உழைத்தது, எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த வயர் எந்தப் பலகைக்குப் பின்னால் போகிறது என்று நான் கிறுக்கி வைத்த நோட்டுப் புத்தகம்.

தீராத கோளாறு ஒன்று மிச்சம் இருக்கிறது. கட்டில் தலைமாட்டு விளக்கு மேடு பள்ளத்தில் அணைந்துவிடுகிறது. வண்டி நிற்கும்போது சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பலகைக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர் மீதுதான் சந்தேகம், கட்டிலைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது. மனைவி இப்போதைக்குப் பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படிக்கிறார்.