ஜான் ஜெரார்டின் புகைக்கொடி: நின்று பார்க்க வேண்டிய வேலை

ஏப்ரல் 2017-இல் லண்டன் சாமர்செட் ஹவுஸ் கட்டட முற்றத்தில் ஜெரார்டின் 'வெஸ்டர்ன் ஃப்ளாக்' என்ற கலைப்படைப்பை வைத்திருந்தார்கள். கட்டணம் இல்லை. பெரிய எல்ஈடி சுவர், அதில் வறண்ட நிலம், நடுவே ஒரு கம்பம். துணிக்குப் பதிலாகக் கம்பத்தின் உச்சியிலிருந்து கரும்புகை பீறிட்டுக் கொடிபோலப் பறக்கிறது. அந்த இடம் டெக்சஸின் ஸ்பிண்டில்டாப், 1901-இல் எண்ணெய் பீய்ச்சியடித்த மேடு.

பலர் வீடியோ என்று நினைத்து ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிட்டார்கள். இது பதிவு செய்த படமே இல்லை. கணினி அந்தந்த நொடியில் உருவாக்கும் காட்சி. முதலும் இல்லை, முடிவும் இல்லை. டெக்சஸில் விடியும்போதுதான் திரையிலும் விடியும். லண்டனில் காலை பத்து மணிக்குப் போனால் திரையில் கும்மிருட்டாக இருந்தது. மதியம் ஒரு மணி வாக்கில்தான் வெளிச்சம் பரவியது. என்னைக் கேட்டால், லண்டனில் இருட்டும் நேரத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். முற்றம் மங்க மங்க, திரையில் பட்டப்பகல் வெயில். புகையின் ஓரம் கிழிந்து கிழிந்து கரைவது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஜெரார்ட் அயர்லாந்துக்காரர், 1974-இல் பிறந்தவர். நெவாடா சூரிய மின்நிலையத்தை வைத்துச் செய்த 'சோலார் ரிசர்வ்' இன்னும் அழகு என்பார்கள். எனக்கு இந்தக் கொடிதான். எண்ணெய் எரிந்து வெளியாகும், கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவை இவ்வளவு நேரடியாகக் காட்டிய கலைஞர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.