ஐஓடி வகுப்பு, கிட் என்று யாராவது கூப்பிட்டால்: என் 17,300 ரூபாய் போன கதை

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. நான் டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன், தோப்பு அப்பா பொறுப்பு. த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வரும் நாட்களில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். வயது 68. போன வருஷம் தை மாதம் ஒரு ராத்திரி, ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கட்டுவிரியன் சுருண்டு கிடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்த வாரம்தான் போனில் விளம்பரம் கண்ணில் பட்டது. "கோடிங் தெரிய வேண்டாம். இரண்டே நாளில் உங்கள் மோட்டாரை செல்போனில் இயக்குங்கள்." கோவையில் சனி, ஞாயிறு ஐஓடி வகுப்பு, அதாவது மோட்டார், பல்பு மாதிரிப் பொருட்களை இன்டர்நெட் வழியாக இயக்கக் கற்றுக்கொடுப்பது. வகுப்புக்கு 9,000, கிட்டுக்கு 5,500, ஆக 14,500 ரூபாய். ஒரு வருஷம் சப்போர்ட், சான்றிதழ் எல்லாம் உண்டு என்றார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட ஆட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது உபயோகம், ஏனென்றால் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு இவர்கள் எந்த ஊருக்கும் வருவார்கள்.

பணம் கட்டும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜிபேயில் ஒரு தனிநபர் நம்பர் கொடுத்தார்கள். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துரும் சார், உங்களுக்குத்தான் எக்ஸ்ட்ரா, பரவால்லீங்களா?" நாள் முழுக்க அடுத்தவர் பில்லைச் சரிபார்க்கிற ஆள் நான். "சரி, வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் 22 பேர். பாதிப் பேர் இன்ஜினியரிங் பையன்கள், மீதி என்னை மாதிரி தோப்பு, கோழிப்பண்ணை, தண்ணீர்த் தொட்டி என்று ஏதோ ஒரு தேவையோடு வந்தவர்கள். முதல் நாள் காலை முழுக்க உலகம் எப்படி மாறப்போகிறது என்று ஸ்லைடு ஓடியது. மதியம் ஆளுக்கொரு கிட் கொடுத்தார்கள். புரோகிராம் ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தது. ஒரு வரிகூட விளக்கவில்லை. அப்லோடு பட்டனை அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினோம். போனில் தொட்டதும் மேஜை மேலிருந்த பல்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். பல்பு வாங்கியது நாங்கள்தான் என்று அப்போது தெரியாது.

கிட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சு, அதில் பச்சை நிற போர்டு. போர்டின் மேல் அவர்கள் கம்பெனி பெயரோடு வெள்ளி நிற ஸ்டிக்கர். "எங்க சொந்தத் தயாரிப்பு, இண்டஸ்ட்ரி கிரேடு கன்ட்ரோலர்" என்றார் பயிற்சியாளர். வீட்டுக்கு வந்து ஒரு நாள் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டினேன். கீழே தகர மூடியில் "ஈஎஸ்பி8266" என்று பொறித்திருந்தது. சீனாவின் எஸ்பிரெசிஃப் கம்பெனி 2014-இல் கொண்டுவந்த வைஃபை சிப் அது. நல்ல சிப்தான், உலகம் முழுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் அதில்தான் கை பழகுகிறார்கள். ஆனால் அது இருக்கும் நோட்எம்சியு போர்டு கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூட இருந்த டிஎச்டி11 வெப்பநிலை சென்சார், நீல ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), மண் ஈரம் பார்க்கும் கவை, வயர், அடாப்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக விலை விசாரித்துக் கூட்டினேன். 1,500 ரூபாயைத் தாண்டவில்லை.

விலை அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரத்தில் அது நடக்கிறதுதான். மண்ணுக்குள் குத்தும் அந்தக் கவை பல் தேய்ந்த சீப்பு மாதிரி ஆன கதையைக் கேளுங்கள்.

இரண்டு கால் உள்ள கவை அது. இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து ஈரத்தைக் கணக்கிடும். முதல் வாரம் போனில் அவர்கள் கொடுத்த ஆப்பில் 74 சதவீதம் காட்டியது. மூன்றாவது வாரம் நல்ல மழை பெய்து பாத்தியில் தண்ணீர் நின்றது. ஆப்பில் 12 சதவீதம். பிடுங்கிப் பார்த்தேன். ஒரு கால் அப்படியே இருந்தது. இன்னொரு காலில் செம்பு கரைந்து, பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஆகி, வெறும் அட்டை தெரிந்தது. ஈர மண்ணில் இடைவிடாமல் நேர்மின்சாரம் ஓடினால் பாசிட்டிவ் பக்கத்துக் கால் கரையத்தான் செய்யும், முலாம் பூசுகிற தொட்டியில் நடப்பது இதுதான். அளக்கும் சில நொடி மட்டும் சென்சாருக்குக் கரண்ட் கொடுத்தால் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும். செம்பு மண்ணில் படாத கெபாசிட்டிவ் வகை இன்னும் நல்லது. இதையெல்லாம் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், "ஈரம் குறைந்தால் தானாக மோட்டார் ஓடட்டும்" என்ற பட்டனை நான் அமுக்கியிருந்தால், மழை நாளில் கிணறு வற்றும்வரை மோட்டார் ஓடியிருக்கும்.

அமுக்காததற்குக் காரணம் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன். எங்களுடையது 7.5 எச்பி மோட்டார். கிட்டை ஸ்டார்ட்டரில் இணைத்துத் தரச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தேன். ரிலேயைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதும் மேல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க."

"10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி."

"நம்ம ஸ்டார்ட்டர் காயில் ரெண்டு பேஸுக்கு நடுவுல நிக்குது. 415 வோல்ட். இத அங்க கொண்டுபோய் மாட்டச் சொல்றீங்களா?"

பயிற்சியாளருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். எலக்ட்ரீஷியன் அண்ணன் போனை வாங்கி, அந்தக் குட்டி போர்டில் 415 வோல்ட் வரும் கம்பிக்கும் 5 வோல்ட் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். ரிலேவின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் போனில் ஆஃப் கொடுத்தாலும் மோட்டார் நிற்காதே, அதற்கு என்ன வழி என்று கேட்டார். லைன் கட்டாகிவிட்டது. சரியான முறையில் செய்வதென்றால் நடுவில் தகுந்த காயில் உள்ள இன்னொரு ரிலே, ஃபியூஸ், மூடிய பெட்டி எல்லாம் வைத்து, விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். இன்னொன்றும் அவர் சோதித்துக் காட்டினார். கரண்ட் போய்த் திரும்பி வந்து போர்டு உயிர்பெறும் அந்த ஒரு நொடியில், யாரும் தொடாமலே ரிலே "டிக்" என்று போட்டு எடுத்தது. அந்த சிப்பின் சில பின்கள் (வயர் இணைக்கும் கால்கள்), போர்டு பூட் ஆகும்போது இஷ்டத்துக்கு மேலும் கீழும் போகும். ரிலேயை எந்தப் பின்னில் இணைக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். மேஜை மேல் பல்பு ஒரு நொடி மின்னினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கிணற்றடியில் அப்பா கையை உள்ளே விட்டிருக்கும்போது மின்னினால்?

இதற்கு நடுவே வைஃபை பிரச்சினை. வகுப்பிலேயே எங்கள் வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, புரோகிராமுக்குள் போட்டுவிட்டார்கள். சித்திரையில் வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் வந்து ரூட்டர் மாறியது, போர்டு செத்தது. புதுப் பாஸ்வேர்டை மாற்ற வழியே இல்லை. நாமே திருத்திக்கொள்ள சோர்ஸ் கோடு, அதாவது புரோகிராமின் மூல வரிகளைக் கேட்டால் "அது கம்பெனி ரகசியம் சார், போர்டைக் கூரியர்ல அனுப்புங்க, 600 ரூபாய்" என்றார்கள். (இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு: புது ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். போர்டு தானாக ஒட்டிக்கொள்ளும். ஈஎஸ்பி8266-க்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. எனக்கு இது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.)

அப்புறம், வீட்டு வைஃபை கிணற்றடி வரை எட்டவில்லை. எட்டாது என்று முதல் நாளே அவர்களுக்குத் தெரியும், தோப்பின் தூரத்தைச் சொல்லித்தான் சேர்ந்தேன். இப்போது சிம் போடும் ஜிஎஸ்எம் மாட்யூல் தனியாக 2,800 ரூபாய் என்றார்கள். கட்டினேன். ஜியோ சிம்மைப் போட்டேன், சிக்னல் பிடிக்கவே இல்லை. வந்தது சிம்800எல், 2ஜி மட்டும் தெரிந்த மாட்யூல். ஜியோவில் 2ஜி கிடையாது. விற்கிறவன் ஒரு வார்த்தை "என்ன சிம் வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கலாம். வேறு சிம் போட்டபோது நெட்வொர்க்கைப் பிடிக்கும் நேரத்தில் திரும்பத் திரும்ப ஆஃப் ஆனது. அந்த மாட்யூல் ஒரு கணத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், கூடக் கொடுத்த அடாப்டருக்கு அந்தத் தெம்பு இல்லை.

இவ்வளவும் கவனக்குறைவு, பேராசை என்றுகூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது இனிமேல்தான்.

ஆப்பில் நம் சாதனத்தைச் சேர்க்க அதன் நம்பரை மட்டும் கேட்கும். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. என் போர்டின் நம்பர் 21. புதுப் போனில் ஆப்பை ஏற்றும்போது அவசரத்தில் 27 என்று அடித்துவிட்டேன். திரையில் "பெரிய கிணறு" என்று வந்தது. கீழே பச்சை விளக்கு: மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ஆஃப் பட்டன். எந்த ஊர், யாருடைய கிணறு, ஒன்றும் தெரியாது. விரல் நடுங்கிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் ஒரு இடத்தில் 27 அடித்தால், இன்னொருவர் ஒரு இடத்தில் 21 அடிக்கலாம்தானே? என் போர்டு மோட்டாரில் இணைந்திருந்தால், அப்பா பம்ப்பைக் கழற்றி வேலை பார்க்கும் நேரமாகவும் அது இருந்திருக்கலாம்.

வகுப்புக்கு வந்தவர்களுக்காக அவர்கள் நடத்திய வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் என் மெசேஜை அழித்தார்கள், பத்தாவது நிமிஷம் என்னையே நீக்கினார்கள். தனியாகக் கேட்டதற்கு வந்த பதில்: "அது டெமோ அக்கவுண்ட் சார்." டெமோவுக்கு யார் "பெரிய கிணறு" என்று பெயர் வைப்பார்கள்? 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து ஆட்டிவைத்தது, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். இங்கே மாற்றுவதற்குப் பாஸ்வேர்டே இல்லை. அடுத்த மாதம் ஆப்புக்கு ஆண்டுச் சந்தா 2,400 என்று அறிவிப்பு வந்தது. "ஒரு வருஷ சப்போர்ட்" ஐந்தாவது மாதத்தில் முடிந்தது. நான் கட்டவில்லை.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாதது பெரிய பலவீனம்தான், ஆனால் ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், "ஒண்ணும் ஆகாது சார்" என்ற வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. குரூப்பிலிருந்து நீக்கும் முன்பே அதன் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்தது மட்டும்தான் இந்தக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனம். இதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நான் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஐஓடியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே போர்டை முழுதாக அழித்துவிட்டு இப்போது நானே கற்றுக்கொண்டிருக்கிறேன். போர்டுக்குப் புரோகிராம் எழுதும் ஆர்டினோ ஐடிஇ இலவசம். வோக்வி என்ற சிமுலேட்டரில் போர்டே வாங்காமல் பிரவுசரிலேயே எல்இடியை மின்ன வைத்துப் பார்க்கலாம். என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி கரக்பூரின் ஐஓடி பாடம் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கிறது, தியரி கொஞ்சம் அதிகம்தான். பழைய லேப்டாப்பில் மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி சர்வரை (போர்டுக்கும் போனுக்கும் நடுவே தகவலைக் கைமாற்றும் மென்பொருள்) போட்டு, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை வீட்டுக்குள்ளேயே பார்க்கிறேன். இன்டர்நெட் போனாலும் அது ஓடும், வெளியில் யாரும் நம்பர் அடித்து உள்ளே வர முடியாது. 5 வோல்ட்டைத் தாண்டி இன்னும் நான் எதையும் தொடவில்லை. மோட்டாருக்கு, எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னபடி, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்திவிடும் வசதியோடு ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி அவரையே மாட்டச் சொல்லிவிட்டேன். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டே போன் போட்டு மோட்டாரை ஓட்டுகிறார். "இதுக்கா கண்ணு ரெண்டு நாள் படிச்சுட்டு வந்தே?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இதை எழுத முக்கியக் காரணம் ஒருவர். உங்கள் ஆப்பில் மோட்டாருக்கு "பெரிய கிணறு" என்று பெயர் வைத்து, போர்டு நம்பர் 27 வைத்திருப்பவர் யாரோ, அவருக்கு: சந்தா கட்டியிருந்தாலும் பரவாயில்லை, மெயினை ஆஃப் செய்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து அந்த இரண்டு வயரை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்த மாதிரிப் பெயர் வைத்திருந்தால், இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.