வெப்ளி ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

இலங்கை மலையகத்தில் பழைய ரிவால்வர் என்று பேச்செடுத்தால் அது வெப்ளி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் துப்பாக்கியில் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படை அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தச் செலவில்தான் வாங்கினார்கள். படையின் .455 தோட்டா (எண் அங்குலத்தில் குறித்த அளவு) அதில் சேர வேண்டும் என்பதே நிபந்தனை. படையை விட்டுத் தோட்டம் பார்க்க வந்த துரைமாரோடு அத்தகைய துப்பாக்கிகளும் இங்கே வந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்களே கைமாறிவிட்டன. ஆனாலும் அனுமதிப்பத்திரத்தோடு ஏதோவொரு வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு வெப்ளி இன்னும் இருக்கலாம். அதற்குள் நுழைகிற தோட்டா எல்லாம் அதற்கு உரியது என்று நினைத்துவிடுவதுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுடுவதென்றால் புதிதாகச் செய்த .455 மார்க் 2 தோட்டா மட்டும். அதுவும் மார்க் 5, மார்க் 6 ரிவால்வர்களில் மட்டும். மார்க் என்பது ஒவ்வொரு திருத்த வடிவத்துக்கும் இட்ட எண்; துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அது தனித்தனி. மற்றவை காட்சிக்கே.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள். தோட்டாக்கள் உட்காரும் உருளைக்கு மேலே ஓடும் பட்டையின் இடப்பக்கத்தில் மார்க் எண் ரோம எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 1887இல் வந்த மார்க் 1 கருமருந்துக் காலத்துப் பிள்ளை. 1899இன் மார்க் 4இல் எஃகு மேம்பட்டது. 1913இல் மார்க் 5 வந்தபோதுதான் கோர்டைட் போன்ற புகையற்ற மருந்தைத் தாங்குவதற்கென்றே உருளையைப் பருமனாக்கினார்கள். 1915இல் வந்த மார்க் 6, ஆறு அங்குலக் குழலோடு, அந்தப் பலத்தையே தொடர்ந்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை குத்திய கிரீடமும் அதன் கீழ் 'என்.பி.' எழுத்துகளும் இருந்தால், புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

இனி தோட்டாக்கள். மார்க் 2இன் ரவை, அதாவது முனையிலிருந்து பாயும் குண்டு, 265 கிரெயின், ஏறத்தாழ 17 கிராம், மென்மையான ஈயம், வேகம் நொடிக்குச் சுமார் 600 அடிதான். அதன் அடிப்பகுதி குழிவாக இருப்பது சும்மா இல்லை. வெப்ளி உருளையின் துளைவாய் குழலைவிடச் சற்றே ஒடுக்கமானது. அந்த ஒடுக்கத்தில் நசுங்கி வெளியேறும் ரவை, குழலுக்குள் போனதும் குழிந்த அடி விரிந்தால்தான் குழலின் உட்சுவரில் சுழன்றோடும் வரிப்பள்ளங்களைப் பற்றும். கடினமான ஈயத்தில் தட்டை அடியோடு வார்த்த ரவை பற்றாமல் வழுக்கிப் போகும், குறி தவறும். இத்தாலியின் ஃபியோக்கி நிறுவனம் 262 கிரெயின் ரவையோடு இந்த வகையைச் செய்கிறது. இந்தத் துப்பாக்கியின் வயதுக்கு மரியாதை தருகிற தோட்டா அதுதான்.

அதற்குப் போட்டியாக எப்போதும் முன்வைக்கப்படுவது .45 ஆட்டோ என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா. நான் கடுமையாக எதிர்ப்பதும் இதைத்தான். போர்கள் முடிந்தபின் ஏராளமான வெப்ளிகள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. அங்கே .455 கிடைப்பது அரிது, .45 ஆட்டோ தாராளம். எனவே உருளையின் பின்முகத்தைச் சீவி, மூன்று மூன்று தோட்டாவாக அரை நிலா வடிவத் தகட்டில் செருகிப் போடும்படி மாற்றினார்கள். தோட்டா அழகாக உட்காரும், சுடவும் சுடும். ஆனால் .455க்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 இறாத்தல்; .45 ஆட்டோவுக்கு 21,000. முதல் பெட்டியிலேயே எதுவும் வெடித்துவிடாது என்பதால் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. வெப்ளி நடுவில் மடங்கித் திறக்கும் துப்பாக்கி. மேலே ஒரு கொக்கி, முன்னே ஒரு கீல், இரண்டும்தான் அதைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அதிக அழுத்தத்தில் முதலில் தளர்வது அவைதான். உருளையில் நுண்விரிசல் விழவும் கூடும்.

சீவிய உருளையில் .455 தோட்டாவையே போட்டாலும் தீர்வில்லை. அதன் விளிம்பு மிக மெல்லியது. பின்னால் இடைவெளி விழுந்துவிட்டதால் துப்பாக்கியின் குதிரை, அதாவது சுத்தி, அடிக்கும்போது தோட்டா முன்னே நகர்ந்து, பல முறை வெடிக்காமலே போகும். போட்ட தோட்டா முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வெப்ளியைச் சுடும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது.

துப்பாக்கியோடு சேர்ந்து கிடக்கும் பழைய படைத் தோட்டாக்கள் தனிக்கதை. பித்தளைக் கழுத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அடியில் செய்தவரின் எழுத்தும் II அல்லது VI என்ற எண்ணும் இருக்கும். அளவில் கச்சிதமாகப் பொருந்துவதால்தான் ஆசை காட்டுகின்றன. மருந்து கெட்டுப்போன தோட்டாவில் ரவை குழலின் பாதியிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைத்துவிடும். சரியாக வெடித்தாலும் பழைய கேப்புகளில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடிகளில்) உள்ள குளோரேட் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். நுவரெலியாவில் அடுப்படி உப்பு ஜாடி எப்படி நீர் கோத்துக்கொள்கிறதோ அப்படியே அதுவும் மலைப்பனியை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, சூடான நீர்தான் கரைக்கும். சேகரிப்பாளருக்கு இவை பொக்கிஷம்தான். குறிப்பாக 1898இல் வந்து, உடலுக்குள் விரியும் ரவைகளைத் தடுத்த 1899 ஹேக் உடன்படிக்கைக்குப் பின் கைவிடப்பட்ட, முகம் குழிந்த மார்க் 3 கிடைத்தால் அதைச் சுடுவது வரலாற்றை எரிப்பதாகும்.

முற்பட்ட மார்க்குகளுக்கும் 1868இன் .450 ஆடம்ஸ் ரிவால்வர் வகைக்கும் கருமருந்து நிரப்பிய தோட்டாவே இயல்பானது. ஆனால் அதன் கசடும் ஈரத்தை இழுக்கும். இந்த உயரத்தில் ஒரே இரவில் துரு பிடிக்கும் என்பதால் இவற்றையும் சுடாமல் காட்சிக்கு வைப்பதே மேல்.

வெப்ளியைப் போன்ற இன்னொரு பிரிட்டிஷ் படை ரிவால்வரான .38 என்ஃபீல்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 1932இல் வந்த அந்த ரிவால்வருக்கு உரியது .38/200 என்ற தோட்டா. பெயர் ஒத்திருக்கிறதே என்று .38 ஸ்பெஷலைத் தேடாதீர்கள். அது நீளம் கூடியது, பருமன் குறைந்தது. உள்ளே முழுதாகப் போகிறதென்றால் யாரோ துளையைக் குடைந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

எந்தத் தோட்டாவை எண்ணினாலும் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் முன்னால் நிற்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் பழைய தோட்டாக்களும் சட்டத்தின் கண்ணில் தோட்டாக்களே. அவற்றின் கணக்கையும் சொல்லிவிடுங்கள். இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு மருந்தும் கேப்பும் இல்லாத போலித் தோட்டா ஆறு போதும். பக்கத்தில் துளையிட்டதாக வாங்குங்கள். உயிருள்ள தோட்டாவோடு ஒருபோதும் கலந்துவிடாது.