டாஷ் கமரா ஜிபிஎஸ்: உடம்புக்குள்ளா, தாங்கியிலா, வயரிலா?

காரின் முன்கண்ணாடியில் பொருத்தி வீதியைப் பதியும் டாஷ் கமரா யாழ்ப்பாணத்தில் ஜிபிஎஸ் எடுக்கவில்லை என்றால் வானத்தில் பழி போட முடியாது. மறைக்க மலை இல்லை, மாடிக் கட்டடங்களும் நாலைந்து வீதிகளோடு முடிந்துவிடும். பண்ணைப் பாலத்தில் காரை ஓரங்கட்டினால் இரண்டு பக்கமும் கடல்தான். அங்கே இரண்டு மூன்று நிமிடம் நின்றும் கமராவில் செய்மதிக் குறி வராவிட்டால் கோளாறு காருக்குள் இருக்கிறது. கமராவின் உடம்புக்குள், கமராவைக் கண்ணாடியில் பிடித்து நிற்கும் தாங்கிக்குள், தனி வயரில் என்று வரும் மூன்று வகை ஜிபிஎஸ்ஸில் எது திறம் என்று கேட்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வகைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, நல்ல சார்ஜருக்கும் கூடாத சார்ஜருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து, 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, 1575.42 மெகாஹேர்ட்ஸில் வரும் அலை, தரையைத் தொடும்போது இயற்கையான வெப்ப இரைச்சலுக்கும் கீழே அமுங்கிக் கிடக்கும். சிகரெட் லைற்றரில் செருகும் மலிவு சார்ஜர் 12 வோல்ற்றை 5 ஆக்குவதற்காக மின்னோட்டத்தைச் செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டின் இரைச்சல் வயர் வழியே கமரா வரை ஏறும். சார்ஜரைச் செருகியதும் எஃப்எம் வானொலி இரைகிறதா? அப்படியானால் ஆளைப் பிடித்தாயிற்று.

சோதிக்க ஐந்து ரூபாவும் வேண்டாம். செய்மதிகளின் பலத்தை எண்ணில் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, கமராவுக்குப் பக்கத்தில், முன்கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கமரா நிற்பாட்டியிருக்கும்போது நல்ல செய்மதிகள் 35 முதல் 45 வரை காட்டும். கமராவைப் போட்டதும் 25, 28 என்று விழுந்தால் இரைச்சல்தான். இனி அதே வயரை ஒரு பவர் பேங்கில் செருகுங்கள். எண் மீண்டால் சார்ஜரை மாற்றுங்கள். மீளாவிட்டால் பின் கமராவின் வயரைக் கழற்றிப் பாருங்கள், அடுத்து வைஃபையை நிற்பாட்டிப் பாருங்கள். கமரா நிற்பாட்டியிருக்கும்போதே எண் குறைவு, காருக்கு வெளியே பிடித்தால் பத்து இருபது கூடுகிறது என்றால் குற்றவாளி கண்ணாடி: உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, அல்லது மேலே ஒட்டிய உலோக வகை ரின்ற். சாதாரணக் கண்ணாடி ஓரிரு டெசிபலுக்கு மேல் விழுங்காது. வரி லைசன்ஸ் தாளைச் சந்தேகிக்க வேண்டாம், அது வெறும் தாள்.

இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

கமராவின் உடம்புக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கும் வகை பொருத்தச் சுகம், வேறு வயர் இல்லை. ஆனால் அன்ரனா என்பது ஒரு சின்னப் பீங்கான் சதுரம். அது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டியது, இட நெருக்கடியில் சில கமராக்களில் செங்குத்தாக நிற்கும். போதாததற்கு, இரைச்சல் போடும், படம் பிடிக்கும் மின்னணுச் சில்லும் மெமரி கார்டும் ஒரு விரல் தூரத்தில். கூரைத் தகட்டின் விளிம்போடு ஒட்டிப் பொருத்தாமல் ஐந்தாறு சென்ரிமீற்றர் கீழே இறக்கினாலே சில கார்களில் நிலைமை மாறும். அதற்கும் மசியாவிட்டால் இந்த வகையில் வேறு வழி இல்லை.

தாங்கிக்குள் ஜிபிஎஸ் வைத்த வகைதான் இங்கே பெரும்பாலானோருக்குப் போதும். அன்ரனா கண்ணாடியோடு ஒட்டி மேலே பார்க்கும், கமராவின் சூட்டிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதற்கென்று இரண்டு தனிக் குறைகள் உண்டு. முதலாவது, வயரைத் தாங்கியில் செருகாமல் கமராவின் உடம்பில் செருகுவது. படம் ஒழுங்காகப் பதியும், ஆனால் பல மொடல்களில் ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரமே போகாது. "ஜிபிஎஸ் பழுது" என்று கடைக்குத் திரும்பி வரும் கமராவில் முதலில் பார்க்க வேண்டியது இது. இரண்டாவது, தாங்கிக்கும் கமராவுக்கும் இடையில் உள்ள சின்னப் பித்தளை ஊசிகள். உப்புக் காற்றில் அவை கறுத்துவிடும். குண்டு குழியில் விழுந்தெழும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தால் போதும், அரத்தாள் போட வேண்டாம்.

மின்சாரக் குறைவும் இந்த வகையைப் பிடிக்கும். மூன்றரை மீற்றர் நீளமான, மெல்லிய 28 கேஜ் வயரில் ஒரு அம்பியர் ஓடினால், போக வர ஏழு மீற்றரில் ஒன்றரை வோல்ற் வழியிலேயே போய்விடும். 5 வோல்ற் கமராவுக்குக் கிடைப்பது மூன்றரை. அதே நீளத்துக்குத் தடித்த 22 கேஜ் வயர் போட்டால் இழப்பு ஏறத்தாழ 0.4 வோல்ற்தான். இரைச்சலைத் தணிக்க வயரில் கவ்வும் ஃபெரைட் வளையம் அரை வைத்தியம்: வயரை இரண்டு சுற்றுச் சுற்றி, கமரா முனைக்குக் கிட்டக் கவ்வ வேண்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான வளையங்கள் சில நூறு மெகாஹேர்ட்ஸ் வரைதான் நன்றாக வேலை செய்யும், ஜிபிஎஸ் அலைவரிசையில் அவற்றின் பிடி தளரும்.

வயரில் வரும் தனி ஜிபிஎஸ் எடுப்பதில் மூன்றிலும் முன்னுக்கு நிற்கும். பூச்சுக் கண்ணாடி உள்ள காருக்கு அதுதான் நல்ல புகலிடம். கண்ணாடியில் பூச்சில்லாத சாளரம் விட்டிருந்தால் அதற்குக் கீழே, இல்லையென்றால் பின்கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகலாம். டாஷ்போர்ட்டின் மூலையில், கமராவிலிருந்து இருபது சென்ரிமீற்றராவது தள்ளி, மட்டமாகப் படுக்க வையுங்கள். உலோகப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம். மத்தியானச் சூட்டில் மலிவுப் பசை இளகி ஜிபிஎஸ் வட்டு கவிழ்ந்தால் அன்ரனா தரையைப் பார்க்கும். வெப்பம் தாங்கும் இரட்டைப் பக்க ஒட்டுநாடா போடுங்கள். வாங்கும்போது பிளக் ஒத்துப்போகிறது என்பதை நம்பிவிடக் கூடாது. ஒரே அளவு பிளக்கில் ஒரு கம்பனி மின்சாரம் விடும் இடத்தில் இன்னொன்று தரவு விடும். தரவு வேகமும் ஒன்றில் செக்கனுக்கு 9600 பிட், மற்றதில் 115200. உங்கள் மொடலின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பழுதல்லாததைப் பழுது என்று நினைப்பதும் நடக்கிறது. இரவு முழுக்க நின்ற கமராவிடம் செய்மதிகள் எங்கே நிற்கின்றன என்ற பழைய தரவு செல்லாது. புதியதை இறக்க ஏறத்தாழ 30 செக்கன் தடையில்லாத அலை வேண்டும். ஒழுங்கையில் மாமரங்களுக்குக் கீழே உடனே ஓடத் தொடங்கினால் அது ஐந்து நிமிடமும் ஆகலாம். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் காரோடு கமராவும் வந்திருந்தால் நேரம் மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடக்கூடும். அது ஜப்பான் நேரம். ஜிபிஎஸ் பழுது என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. நேர வலயத்தை +5:30 ஆக்க மெனுவில் இடமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.