மீன் அறைச் சுவருக்குள் எதை வைப்பது: தெர்மாகோலா, பஃப் பலகையா, ஊற்றும் பஃபா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இராமநாதபுரம் கரையெங்கும் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கும். எஞ்சினுக்கும் வலைக்கும் செலவழித்தது போக மிச்சமிருந்தால்தான் மீன் அறையின் சுவரைப் பற்றிப் பேச்சு வரும். பாம்பனில் வல்லம் எனப்படும் நாட்டுப்படகு ஒன்றின் ஐஸ் பெட்டியை அறுத்துப் பிரித்தபோது நான் அருகில் நின்றிருந்தேன். ஃபைபர் உட்தோலுக்குப் பின்னால் அடுக்கியிருந்த தெர்மாகோல் தாள்கள் பழுப்பேறிக் கிடந்தன. கையளவு துண்டு ஒன்றை எடுத்துப் பிழிந்ததும், மீன் வாடை அடிக்கும் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. அந்தப் பெட்டிக்கு எவ்வளவு ஐஸ் போட்டாலும் ஏன் போதவில்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது.

இங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. தெர்மாகோல் தாளை வெட்டி அடுக்குவது ஒன்று; ஆலையில் வார்த்த பஃப் பலகையை, அதாவது கடின பாலியூரித்தேன் நுரைப் பலகையை, வாங்கி ஒட்டுவது இரண்டாவது; இரண்டு திரவங்களைக் கலந்து சுவரின் இடைவெளிக்குள்ளேயே ஊற்றிப் பொங்கவைப்பது மூன்றாவது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மீன் அறையின் சுவர், தளம், மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 20 சதுர மீட்டர், வெப்பக் காப்பின் தடிமன் 75 மில்லிமீட்டர், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வேறுபாடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பஃபின் வெப்பக் கடத்துதிறன் (W/m·K அலகில்; குறைந்தால் நல்லது) ஏறத்தாழ 0.024, தெர்மாகோலுக்கு 0.036. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதன்படி சுவர் வழியே நுழையும் வெப்பத்துக்கு மட்டும் பஃப் அறையில் நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ ஐஸும், தெர்மாகோல் அறையில் சுமார் 75 கிலோ ஐஸும் கரையும். 50 கிலோ ஐஸ் கட்டிக் கணக்கில் சொன்னால், பஃபுக்கு ஒன்று, தெர்மாகோலுக்கு ஒன்றரை. மீனைக் குளிரவைப்பதற்கும் மூடியைத் திறந்து மூடுவதற்கும் ஆகும் ஐஸ் இதில் சேராது.

ஆனால் இது காய்ந்த பொருளுக்கான கணக்கு. தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் 0.6 அளவில் இருப்பதால், அது தெர்மாகோலைவிடப் பதினாறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். தெர்மாகோலின் மணிகளுக்கு நடுவில் நுண்ணிய இடைவெளிகள் இருப்பதால், ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடக்கும்போது அது தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல பஃபில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் மூடியவை. அது ஊறுவது மிக மெதுவாகத்தான். படகுக்குப் பஃபே வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு 0.024 என்ற எண்ணைவிட இதுவே பெரிய காரணம்.

தெர்மாகோலுக்கு இன்னொரு பகை, படகு கட்டும் பட்டறையிலேயே இருக்கிறது. ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், தெர்மாகோலைக் கரைத்துவிடும். தாளின் மேல் நேரடியாக ரெசின் பூசினால் குழி விழுந்து, தோலுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். பஃபுக்கு இந்தத் தொல்லை இல்லை; ரெசினை அதன் மேலேயே பூசலாம். கரையிலிருந்து வெளியூருக்கு மீன் அனுப்பும் பெட்டிக்குத் தெர்மாகோல் போதும், விலையும் குறைவு. படகுச் சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் புதைத்து வைக்க அது ஏற்றதல்ல.

இனிப் போட்டி பஃபின் இரு வடிவங்களுக்கு இடையில்தான். நன்றாக ஊற்றிய பஃபுக்கு இணை கிடையாது: மூட்டு இல்லை, வளைந்த படகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, இரு தோல்களையும் இணைத்து உறுதியும் தருகிறது. கெட்டுப்போக அதற்குள்ள வழிகளும் அதே அளவுக்கு அதிகம். கலக்கும் இரு திரவங்களில் பாலியால் ஒரு டிரம்மில் வரும். பொங்கவைக்கும் பொருளும் வினையூக்கியும் அதிலேயே கலந்திருக்கும். மற்றதில் ஐசோசயனேட். ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடுவதால், உப்பங்காற்று வீசும் கரையில் திறந்து வைத்த டிரம் கட்டிதட்டிப் போகும். ஈரம் புகுந்த டிரம்மை இறுக மூடி வைத்தால் அது உப்பும். வேலைக்கு முன் திரவங்கள் 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மே மாத வெயிலில் மணலில் நின்ற டிரம்மிலிருந்து ஊற்றினால், நுரை மூலைகளுக்குப் போய்ச் சேருமுன்னே இறுகிவிடும். அதிகாலையில் நிழலில் செய்வதுதான் சரி.

சுவரில் ஊற்றுவதற்கு முன் ஒரு காகிதக் கோப்பையில், தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் எடைபோட்டுக் கலந்து பார்க்க வேண்டும். பழுப்புக் கலவை சில நொடிகளில் வெளிறி, பால் ஆடை நிறத்துக்கு மாறும். பிறகு விளிம்பைத் தாண்டி எழும்பும். குச்சியால் தொட்டால் நூல் இழுக்கும். கடைசியில் மேல்தோல் ஒட்டாமல் நிற்கும். ஆறியபின் குறுக்கே அறுத்தால் நுரையின் நுண்ணறைகள் சிறிதாகவும் சீராகவும் இருக்க வேண்டும். நொறுங்கினாலோ, நகத்தால் அழுத்தப் பள்ளம் விழுந்தாலோ விகிதம் தவறியிருக்கிறது என்று பொருள். அன்றைய வேலையை நிறுத்திவிடுவதே நல்லது. மேற்சொன்ன அறைக்கு 1.5 கன மீட்டர் நுரை, கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியில் 60 கிலோ திரவம், சேதாரத்துக்கும் நெருக்கி நிரப்புவதற்கும் இன்னும் கொஞ்சம் ஆகும். அவ்வளவையும் ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. வினையில் பிறக்கும் வெப்பம் நடுவில் தேங்கி நுரையைக் கருக்கிவிடும். அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். பொங்கும் அழுத்தத்தில் உட்தோல் பிதுங்காதபடி பலகையால் முட்டுக்கொடுத்து, காற்று வெளியேற மேலே துளைகள் விட வேண்டும். ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாயைத் தாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா கிளம்பலாம். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. இதற்கென உள்ள வடிகட்டி முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தராதவர் இந்த வேலையை எடுக்கவே கூடாது.

பொங்கவைக்கும் பொருள் எது என்றும் கேட்டு வாங்க வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் எச்சிஎஃப்சி-141பி இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பெரிய ஆலைகள் கைக்கொள்ளும் சைக்ளோபென்டேன் எளிதில் தீப்பற்றும். கரையில் வைத்து ஊற்ற ஏற்றதல்ல. தண்ணீரால் பொங்கும் வகையைக் கையாளுவது எளிது, ஆனால் அதன் அறைகளில் உள்ள கரியமில வாயு விரைவில் வெளியேறுவதால் வெப்பத்தைத் தடுக்கும் திறன் சற்றுக் குறையும். அதற்கேற்பத் தடிமனைக் கூட்டிக்கொள்ளலாம்.

பலகையின் பலவீனம் மூட்டுதான். 100 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்றைவிட 50 மில்லிமீட்டர்ப் பலகை இரண்டை, மூட்டின் மேல் மூட்டு வராமல் மாற்றி ஒட்டி, விளிம்புகளைப் பசையால் அடைப்பது நல்லது. வளைவில் நெருக்கிப் பொருத்துவது கடினம். ஆனால் அதன் அடர்த்தியும் தரமும் ஆலையிலேயே உறுதியாகிவிடுகின்றன. ஆகவே சதுரமான ஐஸ் பெட்டிக்கும் வத்தை எனப்படும் சிறு படகுக்கும் நான் பலகையையே சொல்வேன். ஓரிரவில் கரை திரும்பும் பாக் நீரிணைப் படகுக்கு 75 மில்லிமீட்டர் போதும். 2017இல் தொடங்கிய திட்டத்தில் இழுவலையை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறிய படகுகள் நாள்கணக்கில் கடலில் கிடப்பவை. அவற்றின் மீன் அறைக்கு 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பழகிய கையாலும் இயந்திரத்தாலும் ஊற்றிய பஃபே தகும்.

பாம்பனில் பிரித்த பெட்டிக்குத் தண்ணீர் வந்த வழியையும் தேடிப் பார்த்தோம். மூடியின் கீலை இறுக்கிய நான்கு திருகுகளும் ஃபைபரைத் துளைத்து நேராகத் தெர்மாகோலுக்குள் இறங்கியிருந்தன, ஒன்றிலும் பசை இல்லை. புதிய பெட்டியில் கீலுக்குக் கீழே மரக்கட்டை பதித்து, ரெசினால் முழுக்க மூடி, அந்தக் கட்டைக்குள்ளேயே திருகு நிற்கும்படி செய்தார்கள்.